இளங்கொடி சொல்லும் செய்தி

"பிள்ளை ஏன் இப்படிச் சிறுத்துப் பிறந்தது? நீ ஒழுங்காய்ச் சாப்பிடேல்லையோ?"

ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் இக்கேள்வியைக் கேட்டுக் கண்கலங்கிய தாய்மாரை நாம் அறிவோம். பிள்ளை எடை குறைந்து பிறந்தால் பழி முதலில் தாயின் தலையில்தான் விழுகிறது. ஆனால் பல வேளைகளில் காரணம் தாயின் சாப்பாட்டில் இல்லை; இளங்கொடியில் இருக்கிறது.

பாடப்புத்தகங்களில் சூல்வித்தகம் எனப்படும் இளங்கொடி, நிறைமாதத்தில் சுமார் 500 கிராம் எடையுள்ளது. ஒட்சிசனும் சத்தும் தாயிடமிருந்து பிள்ளைக்கு இதனூடாகவே செல்கின்றன. இதற்காகக் கருப்பைச் சுவரிலுள்ள நுண்ணிய நாடிகள் கர்ப்பத்தின் முற்பகுதியில் அகல வேண்டும். அவை போதியளவு அகலாவிட்டால் இளங்கொடிக்கு இரத்தம் குறைகிறது. அதன் சில பகுதிகள் பட்டுப்போகின்றன. தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது குறைவு. தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் இதனோடு சேர்ந்து வரலாம்.

ஊரில் இளங்கொடியை வளவில் புதைப்பது எமது வழக்கம். இங்கோ, வளர்ச்சி குன்றிய பிள்ளை பிறந்தால் அதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வைத்தியர்கள் விரும்பலாம். இதைக் கேட்டு எம்மவர் சிலர் பயப்படுகின்றனர். பயப்பட ஒன்றுமில்லை. நோயியல் வைத்தியர் அதனை நிறுத்து, துண்டங்களாக வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். இரத்த ஓட்டம் குறைந்ததா, இரத்தம் உறைந்ததா, தொற்றா, அழற்சியா எனத் தேடுகிறார். இம்மாற்றங்களைப் பதிவதற்கு 2014ஆம் ஆண்டு அம்ஸ்ரடாமில் கூடிய நிபுணர்கள் பொதுவான முறையொன்றை வகுத்தனர். நாடு மாறிச் சென்றாலும் அறிக்கை அங்குள்ள வைத்தியருக்கு விளங்க இது உதவும்.

அறிக்கை வரச் சில கிழமைகள் செல்லலாம். அதனைக் கேட்டு வாங்குங்கள். மொழி விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யச் சொல்லுங்கள். எல்லா அறிக்கைகளிலும் விடை இருப்பதில்லை. ஆயினும் சில மாற்றங்கள் அடுத்த கர்ப்பத்திலும் வரக்கூடியவை. முன்கூட்டியே தெரிந்தால் கூடுதலான ஸ்கான் செய்து பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிப்பார்கள். சிலருக்குச் சிறிய அளவு அஸ்பிரினை 16 கிழமைகளுக்கு முன்னரே தொடங்குவார்கள். வைத்தியர் சொல்லாமல் அதனை எடுக்கவேண்டாம். பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் விடியட்டும் என்று பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: அடுத்தமுறை "சாப்பிடேல்லையோ" என்று தொலைபேசியில் கேள்வி வந்தால், மனைவியைப் பதில்சொல்ல விடாதீர்கள். நீங்களே வாங்கி விளக்கம் சொல்லுங்கள்.