உறையிட்ட வீணைகள்

தமிழ்நாட்டினின்றும் வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இசைக் கருவி ஒன்று இருக்கக் காணலாம். சில வீடுகளில் அது கூடத்துச் சுவரோரம் உறை போர்த்து நிற்கும். சில வீடுகளில் பரண்மேல் பெட்டிக்குள் கிடக்கும். வாசிப்பவர் பெரும்பாலும் இரார். ஆயினும் வீடு மாறுந்தோறும் அது தவறாமல் உடன் வந்துவிடுகிறது. பழைய சாமான்களையெல்லாம் தயங்காமல் கழித்துக் கட்டும் குடும்பத் தலைவியும் அதன்மீது கை வைப்பதில்லை. இப்பற்றுக்குக் காரணம் யாது? இதனால் அக்கருவிக்கு விளைவது நன்மையா, தீமையா? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் வீட்டு வீணைகளுள் பெரும்பாலானவை பெண்களோடு வந்தவை. பெண் பார்க்க வருவோர், "குழந்தைக்குப் பாட்டுத் தெரியுமா?" என்று கேட்பது அக்கால வழக்கம். அதற்கென்றே பத்து வயதில் பாட்டு வாத்தியாரை அமர்த்தி, சரளி வரிசை தொடங்கிக் கீர்த்தனை வரையில் பயிற்றுவித்தனர். மணம் முடிந்ததும் வீணையும் சீரோடு சீராக இரயிலேறிற்று. வந்து சேர்ந்த இடமோ மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட குடித்தனம். நெடிய அக்கருவியைக் கிடத்துவதற்கே அங்கு இடமில்லை. வாசிப்பதற்கு நேரமும் இல்லை. குழந்தைகள் பிறந்தன, வீணை உறைக்குள் புகுந்தது. நம் தாய்மார் பலரின் கல்வி பாதியில் நின்றதற்குச் சாட்சியாக அது இன்றும் நிற்கிறது. அதனை எறிய மனம் வாராமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

வீணை மட்டுமன்று, பிற வாத்தியங்களும் இங்ஙனமே போற்றப்படுகின்றன. அவற்றுள் சில நம்மைப் போலவே குடிபெயர்ந்தவை என்பதும் கருதத்தக்கது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கிய முன்னோடி. ஹார்மோனியமும் மேல்நாட்டு வரவே. காலால் துருத்தி மிதித்து வாசிக்கப்பட்ட அது, தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் வடிவத்தைக் கல்கத்தாவில் பெற்றது. நம் இசையின் நுண்ணிய கமகங்கள் அதில் எழா என்று கருதி, 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தது. 1971-இலேதான் அத்தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய அக்காலத்திலும் வீடுகள் அதனை விலக்கவில்லை. பஜனைகளில் அதுவே சுருதி கொடுத்தது. அயலில் வந்தேறிய கருவி, தன் குறையோடு கூடியே உறவாகிவிட்டது!

இனி, காத்தல் பற்றிக் காண்போம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தாலானது. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவை அதன் உறுப்புகள். இவையனைத்தும் ஒரே மரத்தில் குடையப்பட்டிருப்பின் அது ஏகாண்ட வீணை எனப்படும். அதன் 24 மெட்டுகளும், கரித்தூள் கலந்த தேன்மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. ஏழு தந்திகளில் நான்கு வாசிப்பதற்கு, மூன்று தாளத்திற்கு. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சோழநாட்டின் காற்றுக்குப் பழகிய மரம் தில்லியின் வறட்சியில் சுருங்கும். ஒட்டிய இடங்கள் விடும். கோடையில் வெப்பம் 45 பாகையை எட்டும்போது மெழுகு இளகி மெட்டுகள் நிலை பெயரும். அதன்பின் எத்தனை திருகினாலும் சுருதி சேராது. மும்பையின் மழைக்காலமோ வேறு வகையில் வருத்தும். எஃகுத் தந்திகள் துருவேறும். மிருதங்கத்தின் தோலும் வாரும் பூஞ்சை பூக்கும். ஹார்மோனியத் துருத்தியைப் பூச்சி அரிக்கும். ஆகவே, பூட்டி வைத்தலே காத்தல் என்று எண்ணுவது பொருந்தாது. தொடப்படாத கருவி தானே அழிந்துகொண்டிருக்கிறது.

தில்லியில் யாம் அறிந்த ஒரு குடும்பத்தின் செய்தியை இங்குக் கூறுவது தகும். அன்னையார் காலமானபின் மக்கள் மூவரும் பாத்திரங்களையும் நகைகளையும் மன வேற்றுமையின்றிப் பகிர்ந்துகொண்டனர். வீணையை மட்டும் பகிர இயலவில்லை. ஈற்றில் இளைய மகள் அதனைப் பெற்றுக்கொண்டார்; தம் பெண் அதில் பயில வேண்டுமென்று விரும்பித் தஞ்சைக்கு எடுத்துச் சென்றார். வீணையைச் செப்பனிடுவோர் அதனைப் பார்த்து, "அம்மா, மரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மெட்டுகள் தேய்ந்துவிட்டன, மாற்றினால்தான் ஸ்வரம் சுத்தமாகப் பேசும்" என்றார். உண்மைதான். சாரணித் தந்தி அழுந்தி அழுந்தி மெட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் அப்பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே அளவாய் இல்லை. அன்னையார் விரும்பி வாசித்த இராகங்களின் ஸ்வரங்கள் எவையோ அவற்றில் ஆழமாகவும், மற்றவற்றில் மேலோட்டமாகவும் இருந்தது.

அந்த அம்மையார் இரண்டு நாட்கள் விடை கூறவில்லை. மெட்டுகளை மாற்றினால் அன்னையின் விரல் பட்ட தடம் போய்விடும். மாற்றாவிடின் பேத்தியின் விரலுக்கு வீணை இசையாது. நினைவைக் காப்பதா, நாதத்தைக் காப்பதா? மூன்றாம் நாள் புதிய மெட்டுகளை வைக்கச் சொன்னார். பழைய 24-ஐயும் துணிப்பையில் கட்டி வாங்கிக்கொண்டார். அப்பை இன்று வீணைப் பெட்டிக்குள் இருக்கிறது. பேத்தி வர்ணம் வரை வந்திருக்கிறாள். இதனினும் சிறந்த தீர்ப்பை யாம் அறியோம்.

நம் அன்பர்கள் மேற்கொள்ளத்தக்கவை சில உண்டு. வீணையைச் சாய்த்து நிறுத்துவதினும் படுக்க வைப்பதே நன்று. வெயிலும் கணப்பின் வெப்பமும் படாத இடமாக அது இருத்தல் வேண்டும். நெடுநாள் வாசியாதிருப்பின் தந்திகளைச் சிறிது தளர்த்தலாம். வயலினில் மட்டும் தந்திகளை ஒருங்கே கழற்றுதல் ஆகாது. குதிரையும் உள்ளே நிற்கும் சிறு கட்டையும் சாய்ந்துவிடும். வில்லின் மயிரை வாசித்து முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் உறையை நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, தந்தியை மீட்டிப் பார்த்தல் நலம்.

அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. ஒரு தாளை எடுங்கள். இக்கருவி யாருடையது, எவ்வூரில் வாங்கியது, எந்த ஆண்டு, கற்பித்த வாத்தியார் யார், எந்தச் சுருதியில் வைத்து வாசித்தனர், எந்தப் பாட்டில் தொடங்கினர், எப்போது ஏன் நிறுத்தினர் என்பவற்றை எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மரம் நூறாண்டு நிற்கும். அதன் வரலாறோ சொல்பவர் போனால் உடன் போய்விடும். அதன்பின் பேரக் குழந்தைக்கு அது ஒரு நீண்ட மரக்கட்டையே.

வீட்டில் பயில்வார் இல்லையெனில், பயில விரும்பியும் வாங்க இயலாத பிள்ளை ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இரவலாகத் தரலாம். நம் சங்கங்கள் இதற்குப் பொறுப்பேற்று, கொடுத்தவர் கொண்டவர் பெயர்களைக் குறித்து வைத்தல் எளிது. கைப்பேசியிலேயே தம்புரா ஒலிக்கும் இக்காலத்தில் பழைய வாத்தியம் எதற்கு என்பார் உளர். கைப்பேசியின் தம்புரா சுருதி தரும். நம் பாட்டியின் கையைத் தராது.

சரஸ்வதி பூசையன்று வாத்தியத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மலர் சூட்டி வழிபடுகிறோம். மறுநாள் விஜயதசமியன்று அதனை எடுத்து வாசித்தல் வேண்டும் என்பதும் அவ்வழிபாட்டின் பகுதியே. முன்னதைத் தவறாமல் செய்யும் நாம் பின்னதை மறந்துவிட்டோம். வரும் விஜயதசமியில் நம் இல்லந்தோறும் உறைகள் நீங்குக; கற்ற கை இல்லையெனினும், ஒரு குழந்தையின் விரலேனும் அத்தந்தியில் படுக.