எற்பாடும் ஒரு சுவரொட்டியும்

கெலிஓயாவில் வாழும் நமக்கு வாய்த்தவை மலைச்சாரலும் மகாவலியின் நீரோட்டமுமே. நெய்தற்றிணை கற்பிக்கப் புகும் ஆசிரியனுக்கோ கடல் வேண்டும். நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாட்டை விளக்குமிடத்து, எல் என்பது ஞாயிறு, பாடு என்பது அதன் வீழ்ச்சி எனச் சொற்பொருள் கூறி நிறுத்தினால் மாணவர் மனத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை. ஆதலின் நான் வகுப்பிற் காட்டி வருவது ஓர் அமெரிக்கச் சுவரொட்டியின் படி. பண்டிதர் செய்யத்தக்க செயலோ இது என நண்பரொருவர் நகைத்ததுமுண்டு.

'தி எண்ட்லெஸ் சமர்', அதாவது 'முடிவிலா வேனில்', அலைச்சறுக்கு வீரர் இருவர் வேனிலைத் தொடர்ந்து ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, தகீதி என உலகைச் சுற்றிவரும் படம். புரூஸ் பிரவுன் ஆக்கிய இப்படம் 1966இல் அமெரிக்காவெங்கும் திரையிடப்பெற்றது. சுவரொட்டியை அமைத்தவர் ஜோன் வான் ஹாமர்ஸ்வெல்ட் என்னும் இளைஞர். கலிபோர்னியக் கடற்கரையில் எடுத்த நிழற்படமொன்றில் ஒளிநிழலின் நுண்படிகளையெல்லாம் நீக்கி, ஒவ்வோர் உருவத்தையும் ஒரே தட்டையான நிறமாக்கினார். பட்டுத்திரை அச்சுக்கு இம்முறை மிகப் பொருந்தும். ஒவ்வொரு நிறமும் தனித்தனித் திரைவழியே தாளில் இறங்குவதன்றோ! கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும், பெரிய ஞாயிறு, பலகை தாங்கிய மூவர். அவ்வளவே.

அலைச்சறுக்குப் படத்தின் சுவரொட்டியில் எழுந்து வரும் பேரலை ஒன்றேனும் இல்லை என்பதை நோக்குக. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை மட்டும் தந்து எஞ்சியதைக் காண்பார் உள்ளத்துக்கு விட்டுவிட்டார். நம் முன்னோர் அறிந்த நெறியே இது. ஆயின் நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியன; அவர்களுக்கோ வேனில் ஒன்றே போதும்! இரங்கலுக்கும் அங்கே இடமில்லை.

அச்சுவரொட்டி இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நம்மவற்றின் நிலை வேறு. என் இளமையில் கெலிஓயாக் கடைத்தெருச் சுவர்களில் தமிழ்ப்படச் சுவரொட்டிகள் ஒன்றன்மேலொன்றாக ஒட்டப்படும், மழை அவற்றைக் கரைக்கும், எவரும் பேணவில்லை. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது படச்சுருள்களும் அழிந்தன. சுருள் அழிந்த படத்துக்குச் சுவரொட்டியே சான்றாக நிற்கும் என்று அக்காலத்தில் யார் எண்ணினார்?

சில ஆண்டுகளுக்கு முன், முதிய வணிகர் ஒருவர் தம் கடைத்தட்டில் விரித்திருந்த பழந்தாளொன்றை எனக்குத் தந்தார். படகொன்றில் ஒரு பெண். அவள் பின்னே சாயும் ஞாயிறு. அடியிற் படமாளிகையின் பெயர் தாங்கிய துண்டு. படத்தின் பெயர் இருந்த மேற்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. அதையும் வகுப்பிற் காட்டுகிறேன். எப்படமென்று மாணவர் ஆண்டுதோறும் வாதிடுகின்றனர். வீட்டுப் பெரியோரையும் கேட்டு வருகின்றனர். இதுவரை இருவர் விடை ஒத்ததில்லை.