மஞ்சளின் மருந்துப் பொருளும் நுண்துகள் உறையும்

மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கிச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தூள் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். அதே தூளைச் சூடான எண்ணெயில் இட்டால் எண்ணெய் முழுவதும் மஞ்சள் நிறம் ஏறும். வகுப்பறையில் எளிதாகக் காட்டக்கூடிய இச்சோதனை, மருந்தியலின் கடினமான பிரச்சினை ஒன்றை விளக்குகிறது.

மஞ்சளுக்கு நிறம் தரும் முக்கியப் பொருள் குர்குமின். 1815-இல் இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1910-இல் இதன் மூலக்கூறு அமைப்பு தெளிவாயிற்று. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் இது அழற்சியைத் தணிப்பது காணப்பட்டுள்ளது. ஆனால் வாய்வழி உட்கொள்ளும்போது அப்பலன் அவ்வாறே கிட்டுவதில்லை. குர்குமின் நீரில் ஏறக்குறைய கரைவதேயில்லை. குடலில் உறிஞ்சப்படும் சிறு பகுதியையும் குடற்சுவரும் ஈரலும் விரைவில் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ஆகவே சில கிராம் உண்டாலும் இரத்தத்தை அடைவது மிகச் சொற்பமே.

இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, மருந்தை உடலில் சிதைந்து மறையும் பாலிமர் துகளுக்குள் அடைத்தலாகும். இதற்குப் பெரிதும் பயன்படும் பாலிமர், லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த நீண்ட சங்கிலியாகும். லாக்டிக் அமிலம் தயிரின் புளிப்பில் உள்ளதே. உடலின் நீர் இச்சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. விளையும் அமிலங்கள் முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகின்றன. கரைந்து மறையும் அறுவைத் தையல் நூல்களில் இவ்வகைப் பாலிமர் 1970-களிலிருந்தே பயன்பட்டு வருகிறது.

துகள் செய்யும் முறை பின்வருமாறு: பாலிமரையும் குர்குமினையும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் கரைக்கின்றனர். பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் அக்கரைசலை ஊற்றி வேகமாகக் கலக்கினால் நுண்ணிய துளிகள் உண்டாகும். கரைப்பான் ஆவியாக ஆகத் துளிகள் இறுகி உருண்டைகளாகின்றன. பின்னர் அவற்றைப் பிரித்துக் கழுவி, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துகின்றனர். ஒரு துகளின் குறுக்களவு பொதுவாக மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும்.

உறைக்குள் உள்ள மருந்து ஓரளவு கசிந்தும், உறை சிதையச் சிதையவும் வெளிவருகிறது. லாக்டிக் அமிலத்தின் பங்கைப் பாதிக்கு மேல் உயர்த்தினால் உறை நீண்ட நாள் நிலைக்கும். எனினும் இடர்கள் உண்டு. துகளின் மேற்பரப்பில் ஒட்டிய மருந்து முதல் நாளிலேயே மிகுதியாக வெளிப்படலாம். கரைப்பானின் எச்சத்தையும் கவனமாக நீக்க வேண்டும்.

இம்முறை வெறும் கனவன்று. அபினிச் செடியின் தீபெய்ன் என்னும் பொருளிலிருந்து செய்யக்கூடிய நால்ட்ரெக்சோன், இத்தகைய துகளில் அடைக்கப்பட்டு, மாதம் ஒருமுறை இடும் ஊசியாக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடிப்பழக்கச் சிகிச்சைக்கு அது பயன்படுகிறது. குர்குமின் துகள்களோ பெரும்பாலும் உயிரணுக்களிலும் விலங்குகளிலும் சோதிக்கப்படும் நிலையிலேயே உள்ளன.

ஆகவே மஞ்சள் ஒரு கொடிய நோயைத் தீர்க்கும் என யாரேனும் கூறின், எவ்வளவு மருந்து, உடலின் எவ்விடத்தை, எத்தனை நேரம் அடைகிறது என்று வினவ வேண்டும். இதற்கு விடை கிடைக்கும்வரை, மஞ்சளை நம்பி மருத்துவர் தரும் சிகிச்சையைக் கைவிடலாகாது என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.