கொழும்பு சோப்பும் கம்ப்யூட்டர் லைசென்ஸும்



எங்க தாத்தா முன்பு தோணியில் வேலை பார்த்தவங்க. தூத்துக்குடியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போவாங்க. திரும்பி வரும்போது கொழும்பில் சோப்பு, டார்ச் லைட் என்று வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கிட்டு வருவாங்களாம். அங்கே விலை குறைச்சல். கொழும்பு சோப்பு போட்டுக் குளித்தால் தெருவே மணக்கும் என்று ஆச்சி இப்பவும் பெருமையாகச் சொல்லுவாங்க.

ஆக, வெளிநாட்டில் மலிவாக வாங்குவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் மென்பொருளையும் சோப்பு மாதிரி வேறு நாட்டில் மலிவாக வாங்கலாமா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நடந்தது என்ன?

எங்க அத்தை சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்காங்க. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். முறையாக வாங்கினால் வருஷா வருஷம் பணம் கட்டணும். அந்தப் பணம் கடை வாடகையை விட அதிகம். நான்தான் செல்போனில் தேடி, வேறொரு நாட்டுக்கான லைசென்ஸ் கீ 900 ரூபாய்க்குக் கிடைக்குது என்று கண்டுபிடித்துச் சொன்னேன். "என் மருமக கெட்டிக்காரி" என்று அத்தை எல்லாரிடமும் சொன்னாங்க.

நாலு மாதம் நன்றாக ஓடியது. ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அதற்கு நாலு நாள் முன்னால் ஒரு நோட்டீஸ் ஆர்டர் வந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால், இந்த லைசென்ஸ் உங்கள் பகுதியில் செல்லாது என்று ஆங்கிலத்தில் வந்து நின்றுவிட்டது. கீ விற்றவருக்கு எத்தனையோ மெசேஜ் அனுப்பினோம், பதிலே இல்லை. அத்தை 1,500 ரூபாய் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆச்சு என்று பலரிடம் கேட்டும் தேடிப் படித்தும் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் என்றால் என்ன?

நம்மிடம் இலவச பஸ் பாஸ் இருக்கிறது. அதனால் பஸ் நம்முடையது ஆகிவிடுமா? ஆகாது. ஏறிப் போக அனுமதி, அவ்வளவுதான். அந்த அனுமதியும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்தான். அதைக் காட்டி வேறு ரூட்டில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.

மென்பொருள் லைசென்ஸும் ஒரு பாஸ்தான். எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம், படிக்கிற பிள்ளைகளுக்கா தொழிலுக்கா, எந்த நாட்டில் செல்லும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? கீயைப் போட்டதும் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்கிறது. அப்போது நம்ம இணைப்பின் முகவரி எண்ணை வைத்தே நாடு தெரிந்துவிடும். பணம் கட்டும் கார்டின் நாட்டையும் பார்ப்பார்கள்.

நாட்டுக்கு நாடு விலை ஏன் மாறுது?

ஒரு மென்பொருளை முதல் தடவை செய்யத்தான் கோடிக்கணக்கில் செலவு. அடுத்த காப்பி எடுக்கச் செலவே கிடையாது. அதனால் அந்தந்த நாட்டு மக்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து விலை வைக்கிறார்கள்.

2004-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'விண்டோஸ் எக்ஸ்.பி. ஸ்டார்ட்டர் எடிஷன்' என்று ஒன்றை அறிவித்தது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, ரஷ்யா, இந்தியா போன்ற நாடுகளுக்காகச் செய்த மலிவுப் பதிப்பு அது. ஆனால் ஒரே நேரத்தில் 3 புரோகிராம்தான் திறக்க முடியும்! அமெரிக்காக்காரர்கள் மலிவு என்று அதை வாங்கிப் போகக்கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்ம பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. அவர்களும் இந்தியாவுக்கு ரூபாயில் ஒரு விலை, அமெரிக்காவுக்கு டாலரில் ஒரு விலை என்றுதான் விற்கிறார்கள். விலை மாறுவதே ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் சில சமயம் அநியாயமாகவும் போகும். ஆஸ்திரேலியாவில் ஒரே மென்பொருளுக்கு அமெரிக்காவை விட மிக அதிக விலை வைத்தார்கள். ஒரு மென்பொருளைப் பொறுத்தவரை, விமானத்தில் அமெரிக்கா போய் வாங்கிட்டுத் திரும்பி வந்தாலும் லாபம் என்று மக்கள் கேலி பேசினார்கள். 2013-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றக் குழு ஆப்பிள், மைக்ரோசாப்ட், அடோபி ஆகிய 3 கம்பெனிகளையும் கூப்பிட்டு விசாரித்தது.

கோர்ட் என்ன சொல்லுது?

தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், தன் நாட்டில் மலிவாக விற்கும் பாடப் புத்தகங்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். புத்தகக் கம்பெனி வழக்குப் போட்டது. 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. புத்தகம் என்பது சோப்பு மாதிரி. வாங்கியவர் அதை விற்கலாம்.

மென்பொருள்? நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2004-ல், சி.டி.யில் போட்டுக் கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு என்றது. பிறகு, வெளிநாட்டிலிருந்து மென்பொருள் வாங்கும் இந்தியக் கம்பெனிகள் கொடுக்கும் பணம் காப்புரிமைக்கான பணமா என்று பெரிய வழக்கு நடந்தது. 2021 மார்ச் 2-ல் தீர்ப்பு வந்தது. வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும், காப்புரிமை கம்பெனியிடமே இருக்கிறது, ஆகவே அது காப்புரிமைப் பணம் ஆகாது என்றார்கள். அதாவது, டப்பா நமக்கு, உரிமை கம்பெனிக்கு.

இதைத் தாத்தாவிடம் விளக்கினேன். தாத்தா சிரிச்சிட்டு, "ஏட்டி, இதுக்கா இவ்வளவு படிச்ச? சங்கு குளிக்க லைசென்ஸ் எடுத்தா கடலையே வாங்கிட்டோம்னு அர்த்தமா?" என்று கேட்டாங்க. நான் ஒரு பக்கம் எழுதியதைத் தாத்தா ஒரு வரியில் சொல்லிட்டாங்க.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. இந்த லைசென்ஸ் இந்தியாவில் செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

2. யாருக்கான லைசென்ஸ் என்று பார்க்க வேண்டும். கல்லூரிக்கோ கம்பெனிக்கோ மொத்தமாகக் கொடுத்த கீயைப் பிரித்து விற்பவர்கள் உண்டு. திருடிய கார்டில் வாங்கி விற்பவர்களும் உண்டு. அதெல்லாம் என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும்.

3. நம் பெயரில் பில் தருவார்களா என்று கேட்க வேண்டும். வெறும் கீயை மட்டும் மெசேஜில் அனுப்பினால் வாங்காதீர்கள்.

4. கம்பெனியின் சொந்தக் கடையிலேயே இந்திய விலை என்ன என்று முதலில் பாருங்கள். நாங்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை.

எல்லா ரூட்டுக்கும் செல்லும் பாஸ்!

நாட்டுக் கட்டுப்பாடே இல்லாத லைசென்ஸும் உண்டு. அதுதான் கட்டற்ற மென்பொருள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கான வேலையை அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், காப்பி எடுத்து நண்பருக்கும் கொடுக்கலாம், அது திருட்டு ஆகாது. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். நம் தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், விண்டோஸோடு சேர்த்து 'பாஸ் லினக்ஸ்' போட்டுக் கொடுத்தார்கள். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். பெயரே பாஸ்! இந்தப் பாஸுக்குக் கண்டக்டர் இறக்கிவிடமாட்டார்.

அத்தை இப்போது இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் என்ற இரண்டு இலவச மென்பொருளில் வேலை செய்றாங்க. முதலில் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. பழைய ஃபைல்கள் சரியாகத் திறக்கவில்லை, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்கார்ந்து யூனிகோடில் திரும்ப டைப் செய்து கொடுத்தேன். இருபத்தி மூணு பத்திரிகை மாடல் முடித்துவிட்டோம். இன்னும் இருக்கிறது.

அந்த 900 ரூபாய் போனது போனதுதான். நோட்டீஸ் ஆர்டர் கொடுத்தவர் இந்த வருஷம் திரும்ப வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி