இடுப்பு வலியா? கை எங்கே போகுதுன்னு முதல்ல பாருங்க!

“டாக்டர், இடுப்பு வலிக்குது” என்றால், “எங்கே, தொட்டுக் காட்டுங்க” என்பார் மருத்துவர். காரணம் இருக்கிறது. முதுகின் அடிப்பகுதி, பக்கவாட்டு, தொடை இடுக்கு என எல்லாமே நமக்கு ‘இடுப்பு’தான்.

கை பின்பக்கம், பெல்ட் போடும் இடத்துக்குப் போனால், பிரச்சினை பெரும்பாலும் முதுகில். தசைப்பிடிப்பாக இருக்கலாம். வலி முழங்காலுக்குக் கீழே வரை மின்னல் மாதிரி இறங்கினால், டிஸ்க் நரம்பை அழுத்தும் ‘சயாட்டிகா’வாக இருக்கலாம். பக்கவாட்டில் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியவில்லையா? அங்குள்ள தசைநார் பாதிப்பு.

உண்மையான இடுப்பு மூட்டு வலி தெரிவது முன்பக்கம், தொடை இடுக்கில். சிலருக்கு முழங்காலில் மட்டும்கூட வலிக்கும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து “ஒண்ணும் இல்லை”ன்னு திரும்பி வந்தவர்கள் உண்டு!

வயதானவர்களுக்கு இது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். ஆனால் 30, 40 வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ‘ஏவிஎன்’. தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்தம் போவது குறைந்து, எலும்பு செத்துப்போகும் நிலை. அதிக அளவு ஸ்டீராய்டு, தொடர் மதுப்பழக்கம், அடிபட்ட காயம் ஆகியவை முக்கியக் காரணங்கள். கொரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு எடுத்த, 40 வயதுக்குட்பட்ட மூவருக்கு இது வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஜிம்மில் யாரோ கொடுக்கும் ‘மாஸ்’ ஊசியிலும், மூட்டு வலிக்கென்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

சிக்கல் என்னன்னா, ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே வரும். எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். பந்து நொறுங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரை போகலாம். அதனால் ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க.

இன்னொன்று: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைப்பாக இருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? 3 மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் வாத நோய் நிபுணரைப் பாருங்கள். நாற்காலியை மாற்றினால் சரியாகிற வலி இல்லை இது.

விழுந்தபின் கால் ஊன்ற முடியவில்லை, வலியோடு காய்ச்சல், சிறுநீர் கட்டுப்பாடு போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.