கல் வாங்கும் முன் பதிக்கும் முறையை முடிவு செய்யுங்கள்



2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையையும், அதையடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறக்க முடியாது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று வாழும் நம்மவர் சிலருக்குத் தரையே பாழானது. சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுக் கல் போடலாமா, எந்த மாதிரி பதிக்கலாம் என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். நான் கொத்தனார் அல்ல, மளிகை மொத்த வியாபாரி. ஆனாலும் ஒரு முறை தவறாகப் பதித்து நஷ்டப்பட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என் மகள் திருமணத்திற்கு முன் கூடத்துக்குத் தரை போட்டேன். ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பளபளப்பான கிரானைட்டை மூலைவாட்டமாகப் பதிக்கச் சொன்னேன். கூடத்தின் சதுர அடிக்குச் சரியாகக் கல் வாங்கினேன். ஓரங்களில் வெட்டிய முக்கோணத் துண்டுகள் பாதி உதவவில்லை; எட்டுக் கல் குறைந்தது. மறுபடி வாங்கிய கல் வேறு நிறம். பூஜை அறை வாசலில் அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது. அதோடு போகவில்லை. மிச்சக் கல்லைக் கொல்லையில் பாத்திரம் துலக்கும் இடத்தில் போட்டதில், என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அழகு பார்த்து முடிவு செய்ததற்கு நான் கொடுத்த விலை அது.

முதலில் அறையைச் சோதியுங்கள்

நம் பழைய வீடுகளில் மூலைகள் நேராக இருப்பது அபூர்வம். ஒரு மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் அளந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை சரி. கூடினாலும் குறைந்தாலும் அறை கோணல்.

பிறகு கல்லைச் சோதியுங்கள். பத்துக் கல்லை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஓரங்கள் ஒரே கோட்டில் நின்றால் அளவு சரி. கடப்பாக்கல் போன்றவற்றில் சிறிது ஏற்ற இறக்கம் வருவது இயல்பு. இந்த இரண்டும் தெரிந்த பிறகே எந்த முறை என்று பேச வேண்டும்.

நான்கு முறைகள்

கட்டப் பதிப்பு: நான்கு மூலையும் ஓரிடத்தில் சேருவது. சேதாரம் குறைவு, கூலியும் குறைவு. ஆனால் கல்லின் அளவிலோ சுவரிலோ உள்ள குறையை இது அப்படியே காட்டிக் கொடுக்கும்.

செங்கல் வரிசைப் பதிப்பு: ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் வருவது. கிடங்கில் மூட்டை அடுக்கும்போது சந்தின்மேல் சந்து வராமல் நம் ஆட்கள் மாற்றி அடுக்குகிறார்களே, அதே மாதிரிதான். அங்கே அது சரியாமல் இருப்பதற்கு. தரையில் அளவு வித்தியாசத்தை மறைப்பதற்கு. அகலம் ஒன்றாக உள்ள கற்களைப் பிரித்து ஒரே வரிசையில் வைத்தால், நீளம் கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை. கடப்பாக்கல்லுக்கும் கோட்டாக் கல்லுக்கும் ஏற்றது.

மூலைவாட்டப் பதிப்பு: அறையின் கோணல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான்கு சுவர் ஓரத்திலும் வெட்டு விழும். சேதாரமும் கூலியும் கூடும்.

துண்டுக்கல் பதிப்பு: உடைந்த துண்டுகளைப் பொருத்துவது. வாசலுக்கும் தோட்டத்துக்கும் சிக்கனம். மூட்டை உருட்டும் இடத்துக்கு உதவாது.

கணக்கு

10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. 2 அடிச் சதுரக் கல்லானால் 30 கல். கட்டப் பதிப்புக்கு நூற்றுக்குப் பத்துச் சேதாரம் சேர்த்தால் 33 கல். மூலைவாட்டத்துக்கு நூற்றுக்குப் பதினைந்தாவது வேண்டும், அதாவது 35 கல். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே லோடில் வாங்குங்கள்.

அறை 10 அடி 4 அங்குல அகலம் என்றால், ஐந்து முழுக்கல் போக 4 அங்குலப் பட்டை ஒன்று சுவரோரம் நிற்கும். அது பார்வைக்கும் அழகில்லை, சீக்கிரம் உடையும். நான்கு முழுக்கல்லை நடுவில் வைத்து, இரு ஓரத்திலும் 14 அங்குலத் துண்டு வைத்தால் சரியாக அமையும். கலவை போடுமுன் கல்லை வெறுமனே பரப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நிறம் மாறுபட்ட கற்களையும் அப்போதே கலந்து வைக்கலாம்.

எந்த இடத்துக்கு எது?

கடைக்கும் கிடங்குக்கும் பளபளப்பு இல்லாத கல், கட்டப் பதிப்பு அல்லது செங்கல் வரிசை. எண்ணெய் சிந்தும் இடத்தில் மெருகுக் கல் ஆபத்து. எந்த முறையானாலும் பலம் அடியில் உள்ள கலவையில்தான் இருக்கிறது. பதித்தபின் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் டின்னை இறக்கும் அன்று உடையும்.

குளியலறை, கொல்லைக்குச் சொரசொரப்பான சிறிய கல். 8 அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். பெரிய கல் அந்த வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது.

சமையலறையில் கடப்பாக்கல், கோட்டாக் கல் போட்டால் எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தியதும் துடைக்க வேண்டும். இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு அரித்துவிடும். கழுவ ஆசிட் ஊற்றவே கூடாது.

நாம் சரக்கு எடுக்கும்போது விலையை மட்டுமா பார்க்கிறோம்? வண்டி வாடகை, கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துத்தானே கணக்குப் போடுகிறோம். வீட்டுத் தரைக்கும் அதே கணக்குத்தான். அதோடு, அந்தத் தரையில் ஈரக்காலோடு நடக்கப் போகிறவர் யார் என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.