வேதாகமச் சொற்கள் – 7: செபஸ்தோஸ்

'இராயன்' என்று தமிழ் வேதாகமம் சொல்லும் 'கைசர்' முதலில் பட்டமே அல்ல, யூலியு சீசரின் குடும்பப் பெயர் என்று சென்ற வாரம் பார்த்தோம். தத்துப்பிள்ளை என்ற உரிமையில் அதைப் பெற்றவர் ஒக்தாவியன். உள்நாட்டுப் போர்களில் வென்று ரோமைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகு அவருக்கு அந்தப் பெயர் போதவில்லை. 'அரசர்' என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. ரோமர்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது. நகரை நிறுவிய ரோமுலுஸின் பெயரைச் சூட்டலாம் என்றனர் சிலர். முனாத்தியு பிளாங்கு என்ற செனட்டர் வேறொன்றை முன்மொழிந்தார். கி.மு. 27 ஜனவரி 16 அன்று செனட் அதையே வழங்கியது: அகுஸ்து.

லத்தீனில் அது கோயில்களுக்கும் புனித இடங்களுக்கும் உரிய அடைமொழி. வளர்ச்சியைக் குறிக்கும் வினையோடும், பறவைகளைப் பார்த்துத் தெய்வ சித்தம் சொல்லும் நிமித்திகர்களோடும் ரோமர்கள் அதை இணைத்துப் பொருள் கண்டார்கள். ஆட்சி, அதிகாரம் என்று எதையும் வெளிப்படையாகச் சொல்லாமலே ஒருவரை மற்ற மனிதர்களுக்கு மேலே நிறுத்தியது அந்தச் சொல்.

கிழக்கு மாகாணங்களின் பொதுமொழி கிரேக்கம். அங்கே அந்தப் பட்டம் 'செபஸ்தோஸ்' ஆனது. 'செபொமாய்' என்றால் வணங்குதல். செபஸ்தோஸ் என்றால் வணக்கத்துக்குரியவர். லத்தீன் பூடகமாக உணர்த்தியதைக் கிரேக்கம் பச்சையாகவே சொல்லிவிட்டது. பெரிய ஏரோது சமாரியா நகருக்கு 'செபஸ்தே' என்று பெயர் மாற்றி, அங்கே அகுஸ்துவுக்குக் கோயிலும் கட்டினான். செசரியாவில் அவன் அமைத்த துறைமுகத்தின் பெயரும் செபஸ்தோஸ்தான். நம் ஊர்களில் திருவிழா எடுக்கும் புனித செபஸ்தியாரின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. அவர் இரத்தசாட்சியாக மரித்தது, அதே பட்டம் தாங்கிய தியோக்லேசியன் காலத்தில் என்பது மரபு. தமிழில் நாம் சொல்லும் 'செபம்' வடமொழி 'ஜப'த்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

இனி லூக்காவிடம் வருவோம். அவர் தம் சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில், குடிமதிப்புக் கட்டளையிட்ட மன்னனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்காமல், லத்தீன் ஒலியிலேயே 'அவுகுஸ்தொஸ்' என்று எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் அந்த வடிவம் வருவது அங்கே மட்டுமே. செபஸ்தோஸ் என்ற சொல்லும் லூக்காவுக்குத் தெரியும். அப்போஸ்தலர் நடபடிகள் 25ஆம் அதிகாரத்தில் அது இருமுறை வருகிறது. இருமுறையும் பேசுபவர் தேசாதிபதி பெஸ்து. அப்போது அரியணையில் இருந்தவன் நீரோ. பட்டம் வாரிசுகளுக்கு இறங்கிவிட்டிருந்தது. 27ஆம் அதிகாரத்தில் நூற்றுக்கு அதிபதி யூலியுவின் பட்டாளத்துக்குப் பெயராக இன்னொரு முறை வருகிறது. அவ்வளவுதான். தன் வழக்கை ரோமுக்குக் கொண்டுபோகும்படி அபயமிடும் பவுல் சொல்வது 'கைசர்' மட்டுமே.

பவுலும் லூக்காவும் அந்த வேரை வேறு எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். தேவனை வணங்குகிற லீதியாளுக்கு அதே வினை. ஆசியா முழுவதும் வணங்கும் தியானாளைப் பற்றி எபேசுவின் தட்டான் தெமேத்திரியு பேசும்போதும் அதே வினை. ரோமர் 1:25இல், சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியை வணங்கினார்கள் என்று பவுல் கண்டிக்கும் இடத்திலும் அதே வேர். செபஸ்தோஸ் குடியிருந்த நகரத்துக்கே எழுதிய நிருபம் அது! அதைக் காதால் கேட்ட ரோம விசுவாசிகளுக்கு அந்த வேர் புதிதல்ல.

இதில் கலகம் இல்லை. ராஜாவைக் கனம்பண்ணச் சொல்கிறது பேதுருவின் முதல் நிருபம். ஆனால் அங்கே வரும் வினை வேறு, 'திமாவோ'. வரி கொடுக்கலாம், கனம் கொடுக்கலாம், நியாயாசனத்தின் முன் நிற்கலாம். வணக்கம் மட்டும் தேவனுக்கே. ஆதி விசுவாசிகள் பின்னாளில் உயிர் கொடுத்துக் காத்த எல்லை இது. அந்த எல்லை புதிய ஏற்பாட்டின் சொற்தேர்விலேயே தெளிவாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

செபஸ்தோஸ் என்று சொன்ன அதே உரையில், அப்போஸ்தலர் 25:26இல், பெஸ்து நீரோவுக்கு இன்னொரு சொல்லையும் சூட்டுகிறார்: 'கூரியொஸ்', ஆண்டவர். இந்த முறை விசுவாசிகள் ஒதுங்கவில்லை. அந்தச் சொல்லை இயேசுவுக்கே உரியதென்று அறிக்கையிட்டார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)